உச்சியில் எட்டுப் பேருக்குக் காபி

ஃபவ்வாஸ் பாஷா தலைமை தாங்கிப் பெண் கேட்டுப் போன எந்தக் கூட்டமும், நாற்பது வருடங்களில், அகபாவிலிருந்து மஆன் வரைக்கும், "இல்லை" என்ற பதிலோடு திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. இதை அவரே எல்லாக் கல்யாணங்களிலும் எழுந்து நின்று சொல்வார். ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளி மீசை, சரிகை ஓரம் வைத்த கறுப்பு மேலங்கி. ஆளைப் பார்த்தாலே பெண் வீட்டார் பாதி சம்மதித்துவிடுவார்கள். மீதிப் பாதிக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். முதல் நாளே பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு, நாளைக்கு என்ன பதில் சொல்வதாக உத்தேசம் என்று கேட்டுக்கொள்வார். "சரி" என்றால் மறுநாள் போவார். "இல்லை" என்றால் மறுநாள் அவருக்கு முதுகுவலி.

என் விஷயத்தில் இந்த ஏற்பாடு உதவவில்லை. நான் கட்டிக்கொள்ள நினைத்த ஃபித்தாவின் அப்பா அபூ மர்ஸூக் போனையே எடுப்பதில்லை. வாதி ரம் பாலைவனத்தில் அவர் மலை வழிகாட்டி. நாட்டிலேயே உயரமான உம் அத்தாமி மலைக்கு வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போவது அவர் தொழில். பத்தாயிரம் தடவை உச்சியைத் தொட்டிருப்பதாகச் சொல்வார். வெள்ளிக்கிழமைகூட லீவு எடுக்காமல் இருபத்தேழு வருடம் ஏறியிருந்தால் அந்த எண்ணிக்கை வரும் என்று என் சித்தப்பா அவாத் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

மூன்று தடவை பெண் கேட்டுப் போனோம். மூன்று தடவையும் அவர் மலைக்குப் போயிருந்தார். மூன்றாம் தடவை அவருடைய செருப்பு மட்டும் மலைக்குப் போகாமல் வாசலில் கிடந்தது.

வீட்டு ஆண் இல்லாமல் காரியம் நடக்காது. காபியை அவர் கையால் ஊற்ற வேண்டும். கூட்டத்தின் தலைவர் அதை வாங்கி, உதட்டில் வைக்காமல் கீழே வைத்துவிட்டு, "கேட்டது கிடைத்தால்தான் குடிப்போம்" என்பார். வைத்த காபி ஆறிப்போய் விருந்தாளி குடிக்காமல் எழுந்து போனால், ஊற்றியவர் அதற்கப்புறம் எந்தக் கூடாரத்திலும் நிமிர்ந்து உட்கார முடியாது. அபூ மர்ஸூக்குக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் காபிக் குவளையும் அவரும் ஒரே கூரையின் கீழ் எங்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டார்.

என் மேல் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. பெண்ணை விட மனமில்லை, அவ்வளவுதான். அவர் தொழிலை நடத்துவதே ஃபித்தாதான். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது, யார் எந்தத் தேதி, யாருக்குக் கறி ஆகாது, யாருக்கு உயரம் ஆகாது, எல்லாம் அவள் கையில். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மூன்று சொல்: ஸ்லோ, வாட்டர், போட்டோ.

நான்காம் தடவைக்கு வழி சொன்னதும் ஃபித்தாதான். என் தங்கை மூலமாகச் செய்தி வந்தது. "வியாழக்கிழமை, பகல் தொழுகைக்கு முன்னால, மலை மேல இருங்க. அப்பா காபி போட்டு வெச்சுக் காத்திருப்பார். எட்டுப் பேருக்கு மேல வேண்டாம், கோப்பை எட்டுதான் இருக்கு. தொழுகை முடிஞ்சதும் எறங்கிருவார், யாருக்காகவும் நிக்க மாட்டார்."

அப்பாவிடம் அவள் சொல்லியிருந்தது இது: எட்டுப் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். சொந்த வண்டியில் வந்து, தாங்களாகவே மெதுவாக ஏறுவார்களாம். உச்சியில் முறைப்படி காபி கிடைத்தால் போதுமாம். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பாஷாவை மலையேறச் சம்மதிக்க வைப்பது கஷ்டம் என்று நினைத்தேன். அவாத் சித்தப்பா அதை ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"பாஷா, உங்களால முடியாதுன்னா சொல்லிருங்க. வேற யாராச்சும் வயசு கம்மியான ஆளா பாக்கறோம்."

பாஷாவின் மீசை நிமிர்ந்தது. "நான் சர்வீஸ்ல ஏறாத மலையா?"

"எந்த மலை ஏறினீங்க?"

"ராணுவ ரகசியம்," என்றார் பாஷா. பிறகு என்னைப் பார்த்து, "ஆனா ஒண்ணு. இதுதான் கடைசி. இதுலயும் நடக்கலைன்னா என் பேரையே யாரும் எடுக்கக் கூடாது. நாற்பது வருஷத்துப் பெயர்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்தக் கனம் கிடையாது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. சித்தப்பா பேசினால் பெண் வீட்டார் சிரிப்பார்கள், பெண் தர மாட்டார்கள். ஆக, வியாழக்கிழமை பகலுக்குள் பாஷாவை மேலே சேர்த்தால் ஃபித்தா எனக்கு. சேர்க்காவிட்டால் இல்லை. புதன்கிழமை இரவு நான் தூங்கவே இல்லை.

காலை ஏழு மணிக்கு இரண்டு பிக்கப் வண்டியில் கிளம்பினோம். பாஷா, சித்தப்பா, தாய்மாமன் வழியில் ஐந்து பெரியவர்கள், நான். பெண் கேட்கும் கூட்டத்தில் மாப்பிள்ளை வாயே திறக்கக் கூடாது. ஆனாலும் என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், இரண்டாவது வண்டியை ஓட்ட ஆள் இல்லை. மணலில் ஒன்றரை மணி நேரம் தெற்கே ஓட்டினேன். நவம்பர் வெயில் இதமாக இருந்தது. ஒவ்வொரு மணல்மேட்டிலும் வண்டி எகிறும்போது என் நெஞ்சும் சேர்ந்து எகிறியது. கடைசி வளைவில் மலை தெரிந்ததும் எனக்குப் பாட வேண்டும்போல இருந்தது. வாய் திறக்கக் கூடாது என்பதால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன்.

அடிவாரத்தில் அபூ மர்ஸூக்கின் பழைய ஜீப் நின்றிருந்தது. சித்தப்பா அதன் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஜில்லுனு இருக்கு. ஆளு மேல போயாச்சு."

பாஷா இறங்கினார். மேலங்கி, இஸ்திரி போட்ட தலைத்துணி, முகம் தெரியுமளவுக்குப் பாலீஷ் போட்ட கறுப்பு பூட்ஸ்.

"பாஷா, இந்த பூட்ஸ் மலைக்கு வழுக்கும்."

"அவாத், இந்த பூட்ஸ்ல நான் பதினாலு மணி நேரம் அணிவகுப்புல நின்னிருக்கேன்."

"நின்னீங்க சரி. இங்க நடக்கணும்."

வழியெல்லாம் யாரோ அடுக்கி வைத்த சிறு கற்குவியல்கள் அடையாளம் காட்டின. ஒன்றைத் தாண்டினால் அடுத்தது கண்ணில் படும். நான் முன்னால் போனேன். கால் தரையில் பாவவில்லை. இரண்டு குவியலைத் தாண்டி ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஏழு பேரும் முதல் குவியலிலேயே நிற்பார்கள். மறுபடி இறங்கி வருவேன். அந்த மலையை அன்று நான் ஒன்றரைத் தடவை ஏறியிருப்பேன்.

பாஷா களைப்படையவில்லை. அதைப் பல தடவை சொன்னார். ஆனால் நிற்பதற்கு அவருக்கு ஏதாவது ஓர் அரசாங்கக் காரணம் வந்துகொண்டே இருந்தது. முதலில் எல்லையைப் பார்வையிட நின்றார். பிறகு இந்தப் பாறையின் அமைப்பு பீரங்கி வைக்க ஏற்றதா என்று பரிசீலித்தார். அதுவும் உட்கார்ந்துகொண்டுதான். மூன்றாவது தடவை நின்றபோது அவர் போன் சிணுங்கியது. பக்கத்து நாட்டு டவரிலிருந்து, சவூதி அரேபியா உங்களை வரவேற்கிறது என்று செய்தி. பாஷா அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"அங்கயும் நம்மளைத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

அதே செய்தி மற்ற ஏழு போனுக்கும் வந்திருந்தது. யாரும் வெளியே எடுக்கவில்லை. மரியாதை.

பத்தரை மணிக்குப் பாதி வழி. மேலங்கி என் தோளுக்கு வந்தது. பதினொன்றுக்குத் தலைத்துணியும் வந்தது. பகல் தொழுகைக்கு இன்னும் நாற்பது நிமிடம்கூட இல்லை. அப்போதுதான் சித்தப்பா கையை நீட்டினார்.

"புகை."

மேலே, உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறை இடுக்கிலிருந்து மெல்லிய நீலப் புகை எழுந்து காற்றில் சாய்ந்தது. அடுப்பு எரிகிறது. ஆள் இருக்கிறார். காபி கொதிக்கிறது. என் உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. மாமன்மார் ஐந்து பேரும் இளந்தாரிகள்போல வேட்டைக்குப் போகும் வேகத்தில் ஏறத் தொடங்கினார்கள். பாஷாவைப் பின்னாலிருந்து சித்தப்பா தள்ளினார், முன்னாலிருந்து நான் இழுத்தேன். அவர் அதைக் கவனிக்காததுபோல வந்தார்.

உச்சிக்கு ஐம்பது அடி இருக்கும்போது பாஷா கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றோம்.

"இப்படியே போக முடியாது. மூஞ்சியப் பாரு, மாவு மில்லுல வேலை பாக்கறவன் மாதிரி. தண்ணி குடு."

கடைசி பாட்டில். அவர் குடிப்பார் என்று நினைத்துக் கொடுத்தேன். அதில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மீசையைக் கழுவினார், முகத்தைக் கழுவினார். மிச்சத்தைப் பூட்ஸில் ஊற்றித் துடைத்தார். மேலங்கியை மாட்டிக்கொண்டார். தலைத்துணியைச் சரிசெய்தார். கண்ணாடி இல்லாததால் சித்தப்பாவைப் பார்த்து, "எப்படி?" என்றார்.

"நாற்பது வருஷத்துப் பெயர் அப்படியே இருக்கு, பாஷா. தொண்டை மட்டும் காஞ்சிருக்கும்."

"தொண்டை பத்தி உனக்கென்ன."

கடைசிப் பாறையைச் சுற்றித் திரும்பினோம். காற்றுக்கு ஒதுக்கமான ஒரு பள்ளம். நடுவில் அபூ மர்ஸூக் குந்தியிருந்தார். மூன்று கல் வைத்த அடுப்பில் நீள மூக்குக் குவளை. தட்டையான கல் மேல் எட்டுக் கோப்பைகள் வரிசையாக. தலைக்கு மேலே எங்கேயோ, உச்சியில் நட்டிருந்த நாட்டுக் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் அவர் நிமிராமலே, விருந்தினருக்கு வைத்திருந்த குரலில், "ஸ்லோ, ஸ்லோ. வாட்டர்? போட்டோ?" என்றார்.

பிறகு நிமிர்ந்தார்.

பாஷாவைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. கண் வழியைத் தேடியது. ஏறி வந்த ஒரே தடத்தில் என் மாமன்மார் ஐந்து பேரும் இரைத்துக்கொண்டு நின்றார்கள். மற்ற மூன்று பக்கமும் வரையாடு இறங்கும் வழி. வரையாட்டுக்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

விருந்தாளி வந்தபின் எங்கள் ஆட்களுக்குக் கை தானாக வேலை செய்யும். அவர் வாய், "வாங்க, வாங்க, மலைக்கு வெளிச்சம் வந்துச்சு" என்றது. இடது கை குவளையை எடுத்தது. முதல் கோப்பையை ஊற்றித் தான் ருசி பார்த்தார். இரண்டாவதை ஊற்றிப் பாஷாவிடம் நீட்டினார்.

பாஷா கோப்பையை வாங்கினார். ஏலக்காய் வாசனை. அவர் அதைக் கீழே வைக்க வேண்டும். வைத்துவிட்டு, முதல் மனிதர் ஆதம் படைக்கப்பட்டதில் தொடங்கி எங்கள் இரு குடும்பங்களின் பெருமையில் முடியும் கால் மணி நேரப் பிரசங்கத்தைச் செய்ய வேண்டும்.

பாஷா கோப்பையைப் பார்த்தார். பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

அபூ மர்ஸூக்கின் முகத்தில் சூரியன் உதித்தது. "ஆரோக்கியம் பாஷா, ஆரோக்கியம். காபி குடிக்கத்தான் இவ்வளவு தூரமா? சொல்லியனுப்பியிருந்தா வீட்டுலயே குடுத்திருப்பேனே."

பாஷாவுக்குத் தான் செய்தது அப்போதுதான் உறைத்தது. காலிக் கோப்பை கையில். ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. விருந்தாளி கோப்பையை ஆட்டிக் காட்டும்வரை ஊற்றுபவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாஷா கோப்பையை ஆடாமல் நீட்டினால் இன்னொரு தடவை ஊற்றித்தான் ஆக வேண்டும். அதைக் கீழே வைத்துவிடலாம்.

பாஷா நீட்டினார். கோப்பை கிடுகிடுவென்று ஆடியது.

"போதும்ங்கறார்," என்று அபூ மர்ஸூக் கையை நீட்டிக் கோப்பையைப் பிடித்தார்.

பாஷா விடவில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு விரல் உயரக் கோப்பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வாய் திறக்கக் கூடாது. என் நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

"அவர் ஆட்டல," என்றார் சித்தப்பா.

"எட்டு ஜோடிக் கண்ணு பாத்துச்சு, ஆடிச்சு."

"ஆடிச்சு. அவர் ஆட்டல. அது நடுக்கம்."

"நடுக்கமா? பாஷாவுக்கா? பதினாலு மணி நேரம் அணிவகுப்புல நின்ன மனுசனுக்கு இந்தச் சின்ன மலை ஏறினா கை நடுங்குமா? பாஷா, நீங்களே சொல்லுங்க. நடுக்கமா, ஆட்டினீங்களா?"

அபூ மர்ஸூக் லேசான ஆள் இல்லை. பாஷா களைத்துப்போனேன் என்று சொன்னால் எனக்குப் பெண். ஆட்டினேன் என்று சொன்னால் பாஷாவுக்கு மானம் மிஞ்சும். இரண்டில் எதை அவர் விடுவார் என்று என்னைக் கேட்டிருந்தால், அப்போதே கீழே இறங்கத் தொடங்கியிருப்பேன்.

பாஷா என்னைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். மீசையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

"நடுக்கம்தான்," என்றார்.

"கேக்கல."

"நடுக்கம்யா. கை நடுங்குது. காலும் நடுங்குது. பாதி வழியிலேயே செத்துட்டேன். இவனுங்க ரெண்டு பேரும் மூட்டை மாதிரி தூக்கிட்டு வந்தாங்க. போதுமா?"

சித்தப்பா குனிந்து பாஷாவின் அங்கியை முழங்கால்வரை தூக்கிச் சாட்சி காட்டினார். இரண்டு முழங்காலும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. மாமன்மார் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு, "நடுக்கமேதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அபூ மர்ஸூக் கோப்பையை விட்டார். ஊற்றினார்.

பாஷா இந்தத் தடவை அதைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாறை மேல் வைத்தார். பாதி சிந்தியது. மீதி போதும். மற்ற கோப்பைகளும் வரிசையாக வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தன. அடுத்து பிரசங்கம். பாஷா மார்பை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, ஆதமைத் தேடினார். கிடைக்கவில்லை.

"அபூ மர்ஸூக்," என்றார், "பொண்ணைக் குடு. இன்னொரு தடவை என்னால ஏற முடியாது."

நாற்பது வருடத்தில் அவர் செய்த மிகச் சிறந்த பேச்சு அதுதான்.

"இப்ப பேச நேரமில்ல," என்றார் அபூ மர்ஸூக். "எனக்கு ஆளுங்க வராங்க. எட்டுப் பேர்."

"நாங்கதான்யா அந்த எட்டு," என்றார் பாஷா.

"இல்ல. அவங்க..." என்று தொடங்கி அவர் விரல் மடக்கினார். "பெரும்பாலும் வயசானவங்க." மாமன்மாரைப் பார்த்தார். "சொந்த வண்டி. மெதுவா ஏறுவாங்க." பாஷாவின் முழங்காலைப் பார்த்தார். "முறைப்படி காபி." எட்டுக் கோப்பைகளையும் பார்த்தார். கொஞ்ச நேரம் அடுப்பை ஊதினார், அது நன்றாகவே எரிந்துகொண்டிருந்தபோதும்.

"என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா," என்றார்.

"சொல்லலையே," என்றார் சித்தப்பா.

"அவ போயிட்டா என் ஆளுங்களுக்கு யாரு பதில் எழுதுவா?"

"எங்க போறா? இவன் வீடு உன் வீட்டுக்கு எதிர்ல. கத்துனா கேக்கும். நீ கத்துறது சவூதிக்கே கேக்கும்."

காபியில் ஆவி அடங்கத் தொடங்கியது. எட்டுக் கோப்பையும் ஆறிக்கொண்டிருந்தன. அபூ மர்ஸூக் என் பக்கம் திரும்பினார்.

"இவன் வாயே திறக்க மாட்டானா?"

"வழக்கம்."

"நல்ல வழக்கம். கல்யாணத்துக்கு அப்புறமும் இருக்கட்டும்." பிறகு பெருமூச்சு விட்டார். "குடிங்க. வந்த காரியம் ஆச்சு. ஆறின காபி என் பேரைக் கெடுக்கும்."

என் வாழ்க்கையில் அவ்வளவு கசப்பான, சில்லென்ற, அருமையான காபியைக் குடித்ததில்லை. சத்தம் போட்டுச் சிரிக்கத் தோன்றியது. ஓடத் தோன்றியது. வரையாட்டு வழியில்கூட இறங்கிவிடுவேன் போலிருந்தது. பாஷா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார், அவர் எழுந்திருக்க என்னைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால்.

தொழுதோம். இறங்கினோம். பாஷா பெரும்பகுதி வழியை உட்கார்ந்தே இறங்கினார். அடிவாரம் வந்தபோது சரிகை மேலங்கியின் பின்புறம் தேய்ந்து காணாமல் போயிருந்தது.

கல்யாணத்தன்று எழுநூறு பேருக்கு முன்னால் அவர் எழுந்து நின்றார். நாட்டின் மிக உயர்ந்த இடத்தில், கொடியின் நிழலில், மேகங்களுக்குச் சமமாக நின்று இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்த கதையைச் சொன்னார். ஆதமையும் விடவில்லை. பக்கத்தில் அபூ மர்ஸூக் உட்கார்ந்து, அது தன் பத்தாயிரத்து ஓராவது தடவை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன்.

உச்சியில் காற்று அதிகம், அடுப்பு நிற்காது. அதனால்தான் அவர் பள்ளத்தில் காபி போட்டார். கொடி இருந்தது அங்கிருந்து முப்பது அடி மேலே. அன்று எங்களில் யாரும் அங்கே ஏறவில்லை.